மகப்பேற்று வலி தணிப்பும் செவித்திறனும்

(மருத்துவ மாணவர்களும் நலவாழ்வுத்துறை அலுவலர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தாய் நலம் பற்றிப் பேசும்பொழுது உதிரப்போக்கு, பேறுகால வலிப்பு, இரத்தசோகை, தொற்று ஆகியவற்றையே நாம் முதன்மையாகப் பேசி வருகிறோம். அது முறையே. தாய்மாரின் உயிரைப் பறிப்பவை அவைதாம். ஆனால், உயிருக்கு ஊறு செய்யாமலும், அதனாலேயே எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாமலும் போகின்ற இன்னல்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பிரசவத்தின்போது முதுகுத்தண்டில் போடப்படும் ஊசிக்குப் பின்னர் ஒருசில தாய்மாருக்குக் காது மந்தமாகிறது. காதில் இரைச்சல் கேட்கிறது. இது ஏன் நேருகிறது, எவ்வளவு அஞ்ச வேண்டும், நிருவாகம் என்ன செய்யலாம் என்பவையே இவ்வுரையின் பொருள்.

இப்பொருளின் இன்றைய தேவை

2005-06-ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் நூற்றுக்கு 38.7 பிரசவங்களே மருத்துவ நிலையங்களில் நடந்தன. 2019-21-ஆம் ஆண்டு ஆய்வில் அது 88.6 ஆக உயர்ந்தது. இது பெருமைப்படத்தக்க மாற்றம். இதே காலத்தில் சிசேரியன் அறுவை வழியான பிறப்புகள் நூற்றுக்கு 8.5 என்பதிலிருந்து 21.5 ஆயின. 2019-21 ஆய்வில், அரசு மருத்துவமனைகளில் நூற்றுக்கு 14.3 பிறப்புகளும், தனியார் மருத்துவமனைகளில் 47.4 பிறப்புகளும் அறுவை மூலம் நிகழ்ந்தவை.

வலி தணிப்பதற்கென்றே செய்யப்படும் எபிடியூரல் முறை நம் நாட்டில் பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளோடு நின்றுவிடுகிறது. ஆனால் சிசேரியன் அறுவைகளில் பெரும்பாலானவை ஸ்பைனல் எனப்படும் தண்டுவட உணர்வகற்றல் முறையில் நடைபெறுகின்றன. இரண்டும் முதுகின் வழியே செலுத்தப்படுபவை. செவி தொடர்பான பக்கவிளைவு இரண்டுக்கும் பொதுவானது. எனவே இது பெருநகரச் செல்வர்க்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று. அறுவை வசதி உள்ள ஒவ்வொரு தாலுகா மருத்துவமனைக்கும் உரிய பிரச்சினையாகும்.

இரு முறைகளின் வேறுபாடு

மூளையையும் தண்டுவடத்தையும் டியூரா என்னும் உறுதியான உறை போர்த்தியுள்ளது. அதனுள்ளே மூளைத் தண்டுவட நீர் நிறைந்துள்ளது. வளர்ந்த மனிதரிடம் இந்நீர் எந்நேரமும் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் இருக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லி லிட்டர் சுரந்து, மீண்டும் இரத்தத்தில் கலந்துவிடும்.

ஸ்பைனல் முறையில் நுண்ணிய ஊசி டியூராவைத் துளைத்து உள்ளே சென்று, நீரில் மருந்தைச் சேர்க்கிறது. எபிடியூரல் முறையில் ஊசி டியூராவுக்கு வெளியிலேயே நின்றுவிட வேண்டும். அங்கு மெல்லிய குழாயொன்றைப் பொருத்தி, வலி நீடிக்கும் வரை மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துவர். குழாய் நுழைய வேண்டியிருப்பதால் எபிடியூரல் ஊசி பருமனானது. 16 முதல் 18 கேஜ் வரையுள்ளது. கேஜ் எண் கூடக்கூட ஊசி மெலிதாகும் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்க. ஸ்பைனல் ஊசிகள் வழக்கமாக 25 முதல் 27 கேஜ் வரை உள்ளவை.

எபிடியூரல் ஊசி சில வேளைகளில் தவறுதலாக டியூராவையே துளைத்துவிடும். தேர்ந்த கைகளிலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் இது நேரக்கூடும். அவ்வாறு நேர்ந்தால், பருமனான ஊசியிட்ட துளை வழியே நீர் கசிகிறது. அத்தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கடுமையான தலைவலி வருகிறது. ஸ்பைனல் முறையில் டியூரா எப்போதுமே துளைக்கப்படுகிறது; ஆனால் துளை சிறிது என்பதால் கசிவும் குறைவு.

முதுகில் போட்ட ஊசி காதைத் தொடுவது எவ்வாறு?

உட்செவியின் நத்தைச்சுருளில் இருவகை நீர்கள் உள்ளன. வெளிப்புற நீர் பெரிலிம்ப் எனவும், உட்புற நீர் எண்டோலிம்ப் எனவும் அழைக்கப்படும். ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் நுண்மயிர்ச் செல்கள் செம்மையாக இயங்க இவ்விரண்டின் அழுத்தமும் சமநிலையில் இருக்க வேண்டும். பெரிலிம்ப் நீருக்கும் மூளைத் தண்டுவட நீருக்கும் இடையே எலும்பினூடே மிகக் குறுகிய கால்வாய் ஒன்று செல்கிறது.

டியூராவின் துளை வழியே நீர் கசியும்பொழுது தண்டுவட நீரின் அழுத்தம் தாழ்கிறது. கால்வாய் திறந்திருப்பின் பெரிலிம்ப்பின் அழுத்தமும் உடன் தாழ்கிறது. அப்பொழுது எண்டோலிம்ப் ஒப்பளவில் மிகுந்து, மெல்லிய சவ்வைப் பிதுக்குகிறது. பொதுவாக ஏற்கப்பட்டுள்ள விளக்கம் இதுவே. வளர்ந்தோர் பலரிடம் அக்கால்வாய் மிகக் குறுகியோ அடைபட்டோ இருக்கும். ஒரே ஊசியால் ஒருவருக்குக் காது மந்தமாவதற்கும், மற்றொருவருக்கு எதுவும் நேராமல் இருப்பதற்கும் இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இவ்வகை இழப்பு பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில், அதாவது 125 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், முதலில் தோன்றுகிறது. குழந்தையின் அழுகுரலில் உயர்ந்த அதிர்வெண்கள் மிகுதி. ஆகவே காது சிறிது மந்தமான தாயும் தன் குழந்தையின் அழுகையைக் கேட்டு எழுந்துவிடுவாள். அவளுக்குக் கேட்பதில் குறை உண்டு என்று வீட்டார் ஐயுற வாய்ப்பில்லை. காது அடைத்தாற்போல் இருப்பதையும், இரைச்சலையும், ஆடவர் பேச்சு தெளிவின்றி ஒலிப்பதையும் அவள் மட்டுமே உணர்வாள். கேட்டாலன்றி அவளும் சொல்லமாட்டாள்; பிள்ளை பெற்ற உடம்பின் சோர்வு என்று எண்ணிக்கொள்வாள்.

எபிடியூரல் முறையில் இன்னொரு வழியும் உண்டு. டியூராவுக்கு வெளியே மருந்தையோ உப்புநீரையோ விரைந்து செலுத்தினால் உள்ளே நீரழுத்தம் சிறிது நேரம் உயரும். அவ்வேளையில் காதடைப்பும் இரைச்சலும் தோன்றக்கூடும். மெல்லச் செலுத்துதல் இதற்கு மருந்து.

அறிவியல் கடந்து வந்த பாதை

ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஆகஸ்டு பியர் 1898-இல் தண்டுவட உணர்வகற்றலைச் செய்து காட்டினார். அம்முறையைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்த அவர், பின்னர் தலைவலியால் துன்புற்றார். ஆக, முறையும் அதன் பக்கவிளைவும் ஒரே காலத்தில் அறிமுகமாயின. ஸ்பெயின் நாட்டுப் படை மருத்துவர் ஃபிடெல் பாகேஸ் 1921-இல் இடுப்புப் பகுதி எபிடியூரல் முறையை விளக்கி எழுதினார்.

1956-இல் அமெரிக்க மருத்துவர்களாகிய வண்டாம், டிரிப்ஸ் இருவரும் 10,098 ஸ்பைனல் நிகழ்வுகளைத் தொடர்ந்து கவனித்து அறிக்கை வெளியிட்டனர். தலைவலியுடன் கண், காது தொடர்பான தொல்லைகளையும் ஒரே நோய்க்குறித் தொகுதியாக, மூளை நீரழுத்தக் குறைவின் விளைவாக, அவர்கள் விளக்கினர். 1990-இல் வெளியான ஓர் ஆய்வு 22 கேஜ் ஊசியையும் 26 கேஜ் ஊசியையும் ஒப்பிட்டு, செவித்திறன் குறைவு ஊசியின் பருமனைப் பொறுத்தது என்று காட்டியது. தலைவலி நோய்களின் பன்னாட்டு வகைப்பாடும் டியூராத் துளைத் தலைவலியை வரையறுக்கையில், கழுத்து விறைப்பையும் செவித் தொல்லைகளையும் உடன் வருபவையாகக் குறிப்பிடுகிறது. எனவே இது புதிதாகக் கிளம்பிய அச்சமும் அன்று; ஆதாரமற்ற வதந்தியும் அன்று.

எவ்வளவு அஞ்ச வேண்டும்?

பெரும்பாலோரிடம் குறைவு சில டெசிபல் அளவே. கருவி கொண்டு அளந்தாலன்றித் தெரியாது. துளை மூடி நீர் மீண்டும் நிறைந்ததும், சில நாள்களிலோ ஓரிரு வாரங்களிலோ செவித்திறன் திரும்பிவிடுகிறது. நீடித்த இழப்பு மிக அரிது. எனினும் அத்தகைய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

பிறந்த குழந்தையின் காது கெடுமோ என்று தாய்மார் கேட்பதுண்டு. எபிடியூரலால் குழந்தைக்கு நிலையான செவித்திறன் இழப்பு ஏற்படும் என்று நிறுவப்படவில்லை. பிறந்த முதல் ஓரிரு நாள்களில் செவிச் சோதனையில் குழந்தை தேறாமற்போவது பெரும்பாலும் காதுக்குழலில் தங்கிய நீராலும் மெழுகுப் பூச்சாலுமே ஆகும். மறுசோதனை செய்வதே சரியான வழி.

வேறு காரணங்களோடு குழப்பலாகாது

பிரசவத்தை ஒட்டிக் காதில் தோன்றும் ஒவ்வொரு தொல்லையையும் முதுகு ஊசியின் மேல் ஏற்றிவிடுதல் பிழை. நான்கினைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, மருந்து செலுத்திக்கொண்டிருக்கும்பொழுதே காதில் இரைச்சல், நாவில் உலோகச் சுவை, உதடுகளைச் சுற்றி மரமரப்பு ஆகியவை தோன்றினால், மருந்து இரத்தக் குழாயில் சேருகிறது என்பதற்கு அவை முன்னெச்சரிக்கை. வலிப்பும் இதய நிறுத்தமும் தொடரக்கூடும். மருந்தை உடனே நிறுத்த வேண்டும். 20 விழுக்காட்டுக் கொழுப்புக் குழம்பு அறையிலேயே இருப்பில் இருக்க வேண்டும். இங்கே காது உயிரைக் காக்கும் மணியாகிறது. ‘காதில் ஏதேனும் ஒலிக்கிறதா?’ என்று தாயிடம் கேட்டுக்கொண்டே மருந்து செலுத்துவது நல்ல பழக்கம்.

இரண்டாவது, மகப்பேற்றுத் தொற்றுக்குத் தரப்படும் ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற மருந்துகள். இவை உயர்ந்த அதிர்வெண்களை முதலில் தாக்குகின்றன. இழப்பு பெரும்பாலும் நிலையானது. தண்டுவட நீர்க் கசிவால் வருவதோ தாழ்ந்த அதிர்வெண்களில் தொடங்குவது, பெரும்பாலும் மீள்வது. செவித்திறன் வரைபடம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட உதவும்.

மூன்றாவது, திடீர்ச் செவிட்டுத்தன்மை. மூன்று நாள்களுக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபலுக்குக் குறையாத நரம்புவழி இழப்பு ஏற்படின் அது அவசர நிலை. ஸ்டீராய்டு மருத்துவம் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினாலே பயன் மிகுதி. ‘தானே சரியாகிவிடும்’ என்று அனுப்பிவிட்டால் அந்தக் காலம் வீணாகிவிடும்.

நான்காவது, மூளைச் சிரைகளில் இரத்தம் உறைதலும், மூளை உறையின் கீழ் இரத்தம் கசிதலும். டியூராத் துளைத் தலைவலி எழுந்து உட்கார்ந்தால் மிகும், படுத்தால் தணியும். படுத்தாலும் தணியாத தலைவலி, வலிப்பு, மயக்கம், கை கால் தளர்ச்சி ஆகியவை காணப்பட்டால் உடனே உயர்நிலை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

தடுப்பும் மருத்துவமும்

ஊசியின் பருமனையும் முனையையும் சரியாகத் தேர்வதே முதல் தடுப்பு. கத்திபோல் வெட்டிச்செல்லும் முனையைக் காட்டிலும், பென்சில் முனை போன்ற ஊசி உறையின் இழைகளை விலக்கிச் செல்வதால் கசிவு குறைகிறது. 25 கேஜுக்குக் குறையாத மெல்லிய பென்சில் முனை ஊசி தாய்மாருக்குத் தலைவலியைக் குறைக்கிறது என்பது இன்று ஐயத்திற்கு இடமற்றது. கசிவு குறையின் செவித் தொல்லையும் குறையும்.

ஊசி போட்ட பின்னர்த் தாயை நாள் முழுதும் தலையணையின்றிப் படுக்கவைக்கும் வழக்கம் நம் மருத்துவமனைகள் பலவற்றில் உண்டு. படுக்கை ஓய்வு இத்தலைவலியைத் தடுப்பதில்லை என்பது தெளிவாகியுள்ளது. வலி இருக்கும்போது படுத்திருந்தால் ஆறுதல் கிட்டும், அவ்வளவே. பிள்ளை பெற்ற பெண்ணை வீணே அசையாது கிடத்துவது கால் சிரைகளில் இரத்தம் உறைய வழிவகுக்கும்.

கடுமையான தலைவலியோ செவித் தொல்லையோ நீடிக்குமாயின் இரத்த ஒட்டு என்னும் மருத்துவம் உள்ளது. 1960-இல் அமெரிக்க மருத்துவர் கார்ம்லி இதனை முதலில் விளக்கினார். தாயின் கையிலிருந்து தூய முறையில் எடுத்த ஏறத்தாழ 20 மில்லி லிட்டர் இரத்தத்தை, துளைக்கு அருகே டியூராவின் வெளிப்புறத்தில் மெல்லச் செலுத்துவர். அது உறைந்து துளையை அடைக்கிறது. பலருக்கு விரைவில் நிவாரணம் கிடைக்கிறது. சிலருக்கு மறுமுறை தேவைப்படும். இதனால் தலைவலியோடு செவித்திறனும் மீண்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. காய்ச்சலோ, தொற்றோ, இரத்தம் உறையாக் குறையோ இருப்பின் இதனைச் செய்யலாகாது.

நிருவாகத்தின் பொறுப்பு

அலுவலர்களே, இனி உங்கள் கையில் உள்ளவற்றைக் கூறுகிறேன். இவற்றிற்குப் புதிய திட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை.

முதலில், கொள்முதல். மருத்துவமனைக்கான தேவைப் பட்டியலில் ‘ஸ்பைனல் ஊசி’ என்று மட்டும் எழுதினால், ஒப்பந்தப்புள்ளியில் மிகக் குறைந்த விலைக்கு உரியதே வந்து சேரும். கேஜ் எண்ணையும் முனை வகையையும் பட்டியலிலேயே குறிப்பிட வேண்டும். ஊசியில் மிச்சப்படும் சில ரூபாய், தலைவலியால் தாய் கூடுதலாகத் தங்கும் நாள்களில் பன்மடங்காகச் செலவழிந்துவிடும்.

இரண்டாவது, பயிற்சி. மயக்கவியல் வல்லுநர் பற்றாக்குறையை ஈடுகட்ட, எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு உயிர்காக்கும் மயக்கவியல் பயிற்சி நம் நாட்டில் அளிக்கப்படுகிறது. 18 வாரப் பயிற்சியாகத் தொடங்கிய இத்திட்டம் முதல்நிலைப் பரிந்துரை மருத்துவமனைகளுக்குப் பெருந்துணையாயிற்று. ஊசி போடக் கற்பிப்பதோடு, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தாயைச் சென்று பார்த்துத் தலைவலியையும் காதையும் பற்றி வினவுவதும் கடமை எனக் கற்பித்தல் வேண்டும்.

மூன்றாவது, வீட்டு வருகை. 2011 முதல் நடைபெறும் வீடுசார் பச்சிளங் குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின்படி, மருத்துவமனைப் பிரசவத்திற்குப் பின் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் ஆஷா பணியாளர் வீட்டிற்குச் செல்கிறார். டியூராத் துளைத் தலைவலி பெரும்பாலும் முதல் ஐந்து நாள்களுக்குள் தொடங்கும். ஆகவே முதல் இரண்டு வருகைகளில் இரண்டே வினாக்களைச் சேர்க்கலாம்: ‘எழுந்து உட்கார்ந்தால் தலை வலிக்கிறதா? காது அடைப்பு, இரைச்சல், மந்தம் உண்டா?’ ஆம் என்ற விடை வந்தால் மருத்துவ அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நான்காவது, பரிந்துரை வழி. 2006-07-இல் தொடங்கிய தேசியக் காதுகேளாமைத் தடுப்பு, கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வழியே மாவட்ட மருத்துவமனைகளில் செவிச்சோதனைக் கருவிகள் வழங்கப்பட்டுள்ளன. மகப்பேற்றுப் பிரிவும் காது மூக்கு தொண்டைப் பிரிவும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாது இயங்குகின்றன. ஒரு பரிந்துரைச் சீட்டு இவ்விடைவெளியை அகற்றிவிடும். கருவி இல்லாத இடத்தில் 256, 512 ஹெர்ட்ஸ் இசைக்கவைகளே முதற்கட்டச் சோதனைக்குப் போதும்.

ஐந்தாவது, செலவு. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் உள்ளிட்ட பிரசவச் சேவையை இலவசமாக்கியது. 2014-இல் பேறுகாலத்திற்கு முன்னும் பின்னும் நேரும் சிக்கல்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஊசியால் வந்த தலைவலியும் செவித் தொல்லையும் அத்தகைய சிக்கல்களே. அவற்றின் பொருட்டுத் திரும்பி வரும் தாயைப் புறநோயாளியாகக் கருதிச் செலவு செய்யவைக்கலாகாது.

வலி தணிப்பு வேண்டுமா, வேண்டாமா?

இவற்றையெல்லாம் கேட்டபின், ‘அப்படியாயின் முதுகில் ஊசியே வேண்டாம்’ என்று எவரேனும் முடிவு கட்டினால், என் உரை அதன் நோக்கத்திற்கு மாறாக முடிந்ததாகும். பிரசவ வலி பொறுத்தே தீர வேண்டிய ஒன்று என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. வலி தணிக்கும்படி கேட்கும் நலமான பெண்ணுக்கு எபிடியூரல் அளிக்கலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்துள்ளது. சிசேரியன் அறுவையில் முழு மயக்கத்தைவிட ஸ்பைனல் முறை பெரும்பாலான தாய்மாருக்குப் பாதுகாப்பானது. மூச்சுக்குழாய் தொடர்பான இடர்கள் அதனால் குறைகின்றன. அரிதாக நேர்ந்து, பெரும்பாலும் தானே மீளும் ஒரு பக்கவிளைவுக்காக இந்நன்மைகளைக் கைவிடுதல் அறிவுடைமை ஆகாது.

அதேபோல், அரிது என்பதற்காக அதனைச் சொல்லாமல் மறைப்பதும் அறமாகாது. ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்குவது மட்டுமே ஒப்புதல் ஆகிவிடாது. தலைவலி வரலாம், காது மந்தமாகலாம், வந்தால் எங்களிடம் திரும்பி வாருங்கள் என்று தாயின் மொழியில், வலி உச்சத்தை எட்டும் முன்னரே, கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே கூறிவிட வேண்டும். முன்கூட்டி அறிந்த பெண் அஞ்சுவதில்லை. உரிய நாளில் வந்து சேருகிறாள். அறியாதவளோ காதில் இரைச்சலைத் தாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். அண்டை வீட்டுப் பெண்ணிடம் ‘முதுகில் ஊசி போடவிடாதே’ என்று சொல்கிறாள். மருத்துவத்தின் மீதுள்ள நம்பிக்கை குலைவது இவ்வாறுதான்.

மருத்துவமனைப் பிரசவம் என்னும் முதற்படியை நம் நாடு பெரும்பாலும் ஏறிவிட்டது. உயிர் பிழைத்த தாய் முழு நலத்துடன் வீடு திரும்பினாளா என்று கேட்பது அடுத்த படி. அக்கேள்வியைக் கேட்கும் பொறுப்பு இங்கு வீற்றிருக்கும் அலுவலர்களுக்கும், நாளை அப்பணியை ஏற்கவிருக்கும் மாணவர்களுக்கும் உரியது.